பழைய நெல் சிடி, ஃபிளாஷ் பாடம், பவர்பாயின்ட் எல்லாத்தையும் எம்பி4 ஆக்கணும், வழி சொல்லுங்க

வெண்ணாறு (நீடாமங்கலம்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அரசுப் பள்ளியில அறிவியல் ஆசிரியரா இருந்து ஓய்வு பெத்தவங்க. அவங்க சேத்து வச்ச சிடி கட்டு ஒண்ணு இப்ப என் கைக்கு வந்துருக்கு, உள்ள மூணு தினுசு இருக்கு. அப்பாவே பவர்பாயின்ட்ல செஞ்ச பாடங்க, படத்து மேல கிளிக் பண்ணா விளக்கம் வரும். அடுத்தது ஃபிளாஷ்ங்கற பழைய அனிமேஷன் மென்பொருள்ல செஞ்ச பாடங்க, கடைசியில கேள்வி கேட்டு சரி தப்பு சொல்லும். மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், 2000-க்கு அப்புறம் ஒரு தொண்டு நிறுவனம் இந்தப் பக்கத்து ஊருங்கள்ல குடுத்த நெல் பூச்சி நோய் சிடி. பயிர் படம் வரும், எந்த இடத்துல பாதிப்புன்னு தொட்டா அடுத்த கேள்வி வரும், இலை நுனியிலயா ஓரத்துலயா தண்டுலயான்னு கேட்டு கேட்டு கடைசியில இதுதான் நோய், இதுதான் வைத்தியம்னு குரலோட சொல்லும். குரல் நம்ம ஊரு பேச்சுலயே இருக்கும், கேட்டா வயல் வரப்புல நின்னு யாரோ பேசுறாப்புல இருக்கும்.

ரெண்டு காரியத்துக்கு வீடியோவா வேணும். எங்க ஊரு விவசாயிங்க வாட்ஸ்அப் குழுவுல போடணும். அப்பா வேலை பாத்த பள்ளியில ஒரு ஸ்மார்ட் டிவி இருக்கு, அதுல பென்டிரைவ் சொருகி ஓட்டணும். நெல் சிடிய விண்டோஸ் 11-ல போட்டா இந்த கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னு ஒரே வரியில முடிச்சிருது. ஃபிளாஷ் எதுவுமே திறக்கல. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

அரசலாறு (கும்பகோணம்)

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில், பழைய கேசட்டு சிடி மாத்தித் தர்ற வேலையும் நிறைய வரும். ஓட வச்சு ஓபிஎஸ் ஸ்டூடியோல ஸ்கிரீன ரெக்கார்ட் பண்றதுதான் எல்லா வகைக்கும் பொதுவான வழி, வேற மந்திரம் கிடையாது தம்பி. எடுக்கும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. பழைய ஃபிளாஷ் முக்காவாசி நொடிக்கு 12 ஃபிரேம், அத 30-ல ரெக்கார்ட் பண்ணா ஒரு ஃபிரேம் ரெண்டு தடவ அடுத்தது மூணு தடவன்னு விழும், நகர்ற படம் திக்கித் திக்கி போகும். 24 இல்லன்னா 60 வைங்க, 12 ரெண்டுலயும் மீதியில்லாம போகும். 15 ஃபிரேம்ல செஞ்சதுன்னா 30 போதும். அடுத்தது, படம் நாலுக்கு மூணு அளவுல இருக்கும், டிவி பதினாறுக்கு ஒன்பது, நிறையுதேன்னு இழுத்து விட்றாதீங்க. ரெண்டு பக்கமும் கருப்பு இருந்துட்டு போகட்டும், நெல்லு கதிரெல்லாம் குட்டையா குண்டா தெரிஞ்சா நோய் அடையாளமே மாறிப்போவும்.

குடமுருட்டி (திருவையாறு)

ரெக்கார்டிங் அப்புறம், சிடிய முதல்ல காப்பாத்துங்க. நான் ஓலைச்சுவடி, பழைய புத்தகம் ஸ்கேன் பண்ற வேலையில ரொம்ப காலம் இருந்தவன், அங்க முதல் பாடமே மூலத்துக்கு நகல் எடுக்காம எந்த வேலையும் தொடங்கக்கூடாதுங்கறதுதான். நம்ம ஊரு ஈரக்காத்துக்கு பர்ன் பண்ண சிடி ரொம்ப நாள் தாங்காது. அதோட எல்லாரும் அடிப்பக்கத்து கீறல பாத்துதான் பயப்படுவாங்க, சிடியில டேட்டா இருக்கற அடுக்கு மேல லேபிள் ஒட்டியிருக்கே அதுக்கு அடியிலயேதான் இருக்கு. அதனால ஸ்டிக்கர பிரிக்காதீங்க, மேல பேனாவால அழுத்தி எழுதாதீங்க. தொடைக்கிறதா இருந்தா மெத்துனு துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா இழுங்க, வட்டமா தொடைக்கக் கூடாது.

ஃபைல்கள மட்டும் காப்பி பேஸ்ட் பண்ணி வச்சுக்காதீங்க, முழு சிடியையும் ஐஎஸ்ஓவா, அதாவது அச்சு அசலா ஒரே ஃபைலா எடுங்க. அந்தக் காலத்து புரோகிராம் நிறைய, டிரைவுல இருக்கறது தன்னோட சிடிதானான்னு அதோட பேர வச்சு பாக்கும், ஃபோல்டர்லேர்ந்து ஓட்டினா சிடிய போடுன்னு கேட்டுட்டு நின்னுரும். சிடியில தனியா பாட்டு டிராக் இருந்தா ஐஎஸ்ஓ பத்தாது, பின்-க்யூன்னு ரெண்டு ஃபைலா எடுக்கணும். படிக்க முடியாத இடம் இருந்தா டிடிரெஸ்க்யூங்கற மீட்பு மென்பொருள போடுங்க, நல்லா இருக்கற பகுதிய முதல்ல எடுத்துட்டு கெட்ட இடத்துக்கு அப்புறம் திரும்பி வரும். ஒரு டிரைவுல படிக்காதது இன்னொரு டிரைவுல படிக்கும், அதனால சீக்கிரம் கைவிட்றாதீங்க.

இன்னொண்ணு, நீங்க சொல்றத பாத்தா நெல் சிடி மேக்ரோமீடியா டைரக்டர்ங்கற பழைய மல்டிமீடியா மென்பொருள்ல செஞ்சதா இருக்கும். சிடிக்குள்ள டிஐஆர் இல்லன்னா டிஎக்ஸ்ஆர்னு முடியற ஃபைல் இருக்கான்னு பாருங்க. இருந்தா நல்ல செய்தி, டைரக்டர் வீடியோவ தனக்குள்ள வச்சுக்காது, வெளியில தனி ஃபைலாதான் வச்சிருக்கும். ஏவிஐ, மூவ் ஃபைல் எதுவாச்சும் கிடக்கும். அத ரெக்கார்ட் பண்ணவே வேணாம், சினிபேக், இன்டியோ மாதிரி பழைய கோடெக்க (வீடியோவ சுருக்கற முறை) எஃப்எஃப்எம்பெக்ங்கற இலவச மென்பொருள் நேராவே படிச்சு எம்பி4 ஆக்கிரும். ஸ்கிரீன்லேர்ந்து எடுக்கறத விட அது சுத்தமா இருக்கும்.

வெண்ணாறு

குடமுருட்டி ஐயா சொன்னதுதான், டிஎக்ஸ்ஆர் ஃபைல் வரிசையா இருக்கு, கிளிப்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல மூவ் ஃபைல்களும் இருக்கு!! ஐஎஸ்ஓ எடுத்தாச்சு, அப்பா பாடங்களோட சிடியில ஒண்ணு மட்டும் பாதியில நிக்குது, அத டிடிரெஸ்க்யூல விட்டிருக்கேன்.

கொள்ளிடம் (சீர்காழி, இப்ப சென்னை)

ஒரு மாற்றுக் கருத்து சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எதுக்கு எல்லாத்தையும் வீடியோவாக்கணும்? இந்த சிடிங்களோட உயிரே தொட்டா பதில் சொல்றதுலதான் இருக்கு. வீடியோவாக்கினா அது பாக்கறவன உக்கார வச்சு ஒரே வழியில இழுத்துட்டு போயிரும்.

ஃபிளாஷ எடுத்துக்கங்க. அடோபி 2020 டிசம்பர் 31-ஓட நிறுத்திருச்சு, 2021 ஜனவரி 12-லேர்ந்து பிளேயரே உள்ள இருக்கற படத்த ஓட விடாம தடுத்துருச்சு, அதனாலதான் எதுவும் திறக்கல. ஆனா ரஃபிள்னு ஒரு எமுலேட்டர் (ஃபிளாஷ் பிளேயர் மாதிரியே வேலை செய்யற புரோகிராம்) இருக்கு, இலவசம், ரஸ்ட் மொழியில எழுதினது, பிரவுசர்லயே ஓடும், ஆன்ட்ராய்டு போன்லயும் ஓடும். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர்லேர்ந்து பழைய ஃபிளாஷ இத வச்சுத்தான் காட்டுது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ங்கற ஃபிளாஷ் நிரல் மொழி வந்ததே 2006-லதான், அதுக்கு முந்தி செஞ்ச பாடம்னா ரஃபிள்ல பெரும்பாலும் அப்படியே ஓடும். அப்பாவோட கேள்வி பதில் பாடங்கள ஒரு சின்ன வெப்சைட்ல போட்டா பிள்ளைங்க தொட்டு தொட்டே பதில் சொல்லலாம். பாடம் இஎக்ஸ்இ-யா (தானா ஓடற புரோகிராம் ஃபைல்) இருந்தாலும் உள்ள எஸ்டபிள்யூஎஃப்ங்கற ஃபிளாஷ் ஃபைல் ஒளிஞ்சிருக்கும், ஜேபெக்ஸ் டீகம்பைலர்ங்கற மென்பொருள்ல வெளிய எடுத்துரலாம்.

டைரக்டர் கதை வேற, ஒத்துக்கறேன். அடோபி 2017-ல விற்பனைய நிறுத்துச்சு, டைரக்டர் படங்கள பிரவுசர்ல ஓட்டின ஷாக்வேவ் பிளேயர் 2019 ஏப்ரலோட போச்சு. ஸ்கம்விஎம்ங்கற பழைய கேம் ஓட்டற மென்பொருள்ல டைரக்டர் ஆதரவு வளர்ந்துட்டு வருது, ஆனா நீங்க போன்ல அனுப்பி ஒரு விவசாயி திறக்கற அளவுக்கு இல்ல. அதுக்கு விர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டற மென்பொருள்) 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி போடுங்க. அந்த புரோகிராம் 16 பிட்டா இருந்தா 64 பிட் விண்டோஸ் எதுவும் அத ஓட்டாது, உங்க விண்டோஸ் 11 சொன்ன பதில் அதுவாத்தான் இருக்கும். 32 பிட் எக்ஸ்பில ஓடும். ஐஎஸ்ஓவ சிடி டிரைவா மாட்டுங்க, ஸ்கிரீன் 640க்கு 480, கலர் 256 கேட்டா குடுங்க.

வெண்ணாறு

கொள்ளிடம் அண்ணே, நீங்க சொல்றது புரியுது. ஃபிளாஷுக்கு ரஃபிள் வழியத்தான் போகப் போறேன். ஆனா நெல் சிடிக்கு வீடியோ வேணும்னு ஏன் கேக்கறேன்னா, எங்க ஊர்ல அத பாக்கப் போறவங்க கையில போனத் தவிர வேற எதுவும் இல்ல, வயல்ல நின்னுட்டு இருப்பாங்க, லிங்க் திறந்து சிக்னல் வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. குழுவுல வந்த வீடியோன்னா தொட்டதும் ஓடும்.

வெட்டாறு (திருவாரூர்)

பள்ளி டிவி பத்தி நான் சொல்றேன், அங்கதான் வேலை. எச்264 வீடியோ, ஏஏசி ஆடியோ, எம்பி4 இதுக்கு மேல எதையும் நம்பாதீங்க. பென்டிரைவ் ஃபேட்32-ன்னா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது, பாடம் பாடமா பிரிச்சிருங்க, பிரிச்சாதான் வகுப்புக்கும் வசதி. கேள்வி வர்ற இடத்துல ரெக்கார்ட் பண்ணும்போது உடனே கிளிக் பண்ணாதீங்க. கேள்வி ஸ்கிரீன்ல நிக்கட்டும், பிள்ளைங்க கத்திட்டு பதில் சொல்லி முடிக்கற நேரம் விட்டு அப்புறம் பதில அமுக்குங்க. தப்பான பதிலையும் ஒரு தடவ அமுக்கி அது என்ன சொல்லுதுன்னு காட்டுங்க. அப்பாவோட பாடத்துல தப்பு பதிலுக்கு ஏன் தப்புன்னு விளக்கம் எழுதியிருப்பாங்கல்ல, நல்ல ஆசிரியருங்க அங்கதான் ரொம்ப மெனக்கெட்டிருப்பாங்க, சரியான பதில மட்டும் அமுக்கிட்டே போனா அது அம்புட்டும் வீடியோவுல வராமலே போயிரும்.

அப்புறம் ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, எழுத்து. 640க்கு 480-ல சின்னதா வர்ற தமிழ் எழுத்துல புள்ளி ஒரே ஒரு பிக்சல்தான் இருக்கும். அத அப்படியே எம்பி4 ஆக்கி வாட்ஸ்அப்ல போட்டா புள்ளி கரைஞ்சு போயிரும், பிள்ளைங்க மெய்யெழுத்த உயிர்மெய்யா படிக்கும்.

அரசலாறு

வெட்டாறு சார் சொன்னது ரொம்ப சரி, அதுக்கு வைத்தியம் இருக்கு. சாதாரண எம்பி4-ல வெளிச்சத்த முழு அளவுலயும் கலர பாதி அளவுலயும்தான் சேமிக்கும், அதனால செவப்பு எழுத்து, நீலத்துல மஞ்சள் எழுத்தெல்லாம் மொதல்ல கெடும். என்கோட் பண்றதுக்கு முன்னாடியே படத்த சரியா ரெண்டு மடங்கா பெருசாக்குங்க, 1280க்கு 960. பெருசாக்கற முறை நெய்பர்னு இருக்கும் அத போடுங்க, அப்ப ஒரு பிக்சல் நாலு பிக்சலா அப்படியே நிக்கும், வழவழன்னு குழைக்காது. அத 1920க்கு 1080 கருப்பு சட்டத்துக்குள்ள வச்சு சிஆர்எஃப் (படத்தோட தரத்த குறிக்கற எண், குறைஞ்சா தரம் கூடும்) 18-ல என்கோட் பண்ணுங்க. ஃபிளாஷுக்கு இது வேணாம், அது வெக்டர், முழு ஸ்கிரீனாக்கி ரெக்கார்ட் பண்ணாலே கூர்மையா வரும். வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்பினா அமுக்காது, 2022-லேர்ந்து 2 ஜிபி வரைக்கும் போகும். ஆனா ஊர்ல எல்லாரும் ஃபார்வர்டு பண்றது வீடியோவாத்தான், அதனால முதல்லயே பெருசாக்கி வச்சுக்கறதுதான் பாதுகாப்பு.

பாமணி (மன்னார்குடி)

தம்பி, நான் வேளாண்மை படிச்சவ, இப்ப சொந்த நெலத்துல சம்பா போடறேன். கம்ப்யூட்டர் பத்தி மேல நெறைய நல்ல ஆளுங்க சொல்லிட்டாங்க, நான் சிடிக்குள்ள இருக்கற விஷயத்த பத்தி சொல்ல வேண்டியிருக்கு, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

மொத விஷயம், பயிர் மஞ்சளா இருக்குன்னு ஒரே வீடியோவா எடுத்தா எவனுக்கும் உதவாது. கீழ் இலை மட்டும் சமமா மஞ்சளாச்சுன்னா தழைச்சத்து பத்தல. நுனியிலயும் ஓரத்துலயும் அலை அலையா காஞ்சு கீழ எறங்குச்சுன்னா பாக்டீரியா இலைக்கருகல். இளம் இலை அடிப்பக்கத்து நடு நரம்பு வெளுத்து, பழைய இலையில துரு மாதிரி புள்ளி விழுந்தா துத்தநாகக் குறைவு, நம்ம டெல்டாவுல தண்ணி எப்பவும் தேங்கி நிக்கற வயல்ல நட்ட மூணாவது வாரத்துல இத அடிக்கடி பாக்கலாம். ஆரஞ்சு சாய்ஞ்ச மஞ்சளோட பயிர் குட்டையா நின்னா துங்ரோ, அது பச்சைத் தத்துப்பூச்சி கொண்டு வர்றது. நாலுக்கும் வைத்தியம் வேற வேற, ஒண்ணுக்கு பண்ண வேண்டியத இன்னொண்ணுக்கு பண்ணா காசும் போகும் பயிரும் போகும், இலைக்கருகல் இருக்கற வயல்ல மஞ்சளா இருக்கேன்னு யூரியாவ அள்ளிப் போட்டா நோய் இன்னும் பரவும். சிடி கேள்வி கேட்டு கேட்டு போறது இதுக்குத்தான். அதனால ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு சின்ன கிளிப் எடுங்க, ஆரம்பத்துலேர்ந்து அந்த முடிவு வரைக்கும் உள்ள எல்லா கேள்வியும் அதுல இருக்கணும். நடுவுல ஆரம்பிக்கக் கூடாது. ஃபைலுக்கு நோய் பேர வைக்காதீங்க, அடையாளத்த பேரா வைங்க. விவசாயிக்கு தெரிஞ்சது கண்ணுல படற அடையாளம்தான, நோய் பேரு தெரிஞ்சா அவர் ஏன் வீடியோ தேடப் போறாரு.

ரெண்டாவது இதவிட முக்கியம். அந்தக் காலத்து சிடி எதுலயும் மருந்து பேரு இருக்கும். குருத்துப்பூச்சிக்கு ஃபோரேட் குருணை, புகையான் தத்துப்பூச்சிக்கு பாஸ்பாமிடான், இதெல்லாம் அப்ப எல்லாரும் சொன்னதுதான். எண்டோசல்ஃபான 2011-ல சுப்ரீம் கோர்ட் தடுத்துச்சு. 2018 ஆகஸ்ட்ல மத்திய அரசு போட்ட உத்தரவுல 18 மருந்து, மெத்தில் பாரத்தியான் உடனே போச்சு, ஃபோரேட், பாஸ்பாமிடான், ட்ரையசோபாஸ், டைக்குளோர்வாஸ் எல்லாம் 2020 டிசம்பர் 31-ஓட முடிஞ்சுது. சிடியா பீரோவுல இருக்கற வரைக்கும் அது பழசுன்னு பாக்கறவங்களுக்கே தெரியும். வீடியோவாகி வாட்ஸ்அப்ல போச்சுன்னா நேத்து எடுத்த மாதிரிதான் தெரியும், நம்ம ஊரு பேச்சுல நிதானமா ஒருத்தர் சொல்றாரு, ஜனங்க நம்புவாங்க. பழைய சரக்கு எங்கயாவது மூலையில கிடந்தா எடுத்து அடிச்சிருவாங்க. தயவுசெஞ்சு இத யோசிக்காம ஒரு கிளிப்பும் வெளிய விடாதீங்க.

வெண்ணாறு

அக்கா, ரொம்ப நன்றி. சிடியில ஃபோரேட் இருக்கு, இப்பதான் போய் பாத்தேன். அப்ப மருந்து சொல்ற பகுதிய வெட்டிரலாமா?

குடமுருட்டி

வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த. அந்த சிடி அந்தக் காலத்துல நம்ம விவசாயிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்கங்கறதுக்கு சாட்சி. பின்னாடி ஒருத்தர் டெல்டாவுல பூச்சிமருந்து எப்படி வந்துச்சு எப்படி போச்சுன்னு எழுத உக்காந்தா இது வேணும். ஐஎஸ்ஓலயும் முழு ரெக்கார்டிங்லயும் ஒரு நொடி கூட கைவைக்காதீங்க.

பாமணி

ஐயா சொல்றத நான் மறுக்கல, மூலம் அப்படியே இருக்கட்டும். வயலுக்குப் போற கிளிப்ல மட்டும் அது வேணாம்னு சொல்றேன். எழுத்துல தடைன்னு மேல போட்டாலும் குரல் பேரச் சொல்லிட்டுதான் இருக்கும், படிக்காம கேக்கறவங்க நம்ம ஊர்ல நிறைய.

அரசலாறு

அப்ப ரெண்டு செட்டா வச்சுக்கங்க. முழுசா ஒண்ணு, சேமிப்புக்கு. வயலுக்கு ஒண்ணு, அதுல அடையாளம் சொல்ற வரைக்கும் விட்டுட்டு மருந்து வர்ற இடத்துல குரலோட சேத்து நிறுத்திட்டு, மருந்துக்கு வட்டார வேளாண்மை அலுவலகத்துல கேளுங்கன்னு ஒரு அட்டை போடுங்க. ரெண்டு செட்லயும் எந்த வருஷத்து சிடிங்கறத மேல மூலையில முதல் நொடியிலேர்ந்து கடைசி நொடி வரைக்கும் நிக்கற மாதிரி படத்தோடவே பதிச்சு விடுங்க. ஆரம்பத்துல மட்டும் போட்டா வெட்டி ஃபார்வர்டு பண்ணும்போது போயிரும். எங்க தொழில்ல பேர மூலையில போடறது இதுக்குத்தான். சிடி குடுத்த நிறுவனத்துக்கிட்ட ஒரு வார்த்த அனுமதியும் கேட்டுருங்க, அவங்க உழைப்பு அது.

பாமணி

இது சரியா இருக்கு. மருந்தில்லாத வைத்தியத்த மட்டும் வெட்டிராதீங்க. புகையானுக்கு நடவுல எட்டடிக்கு ஒரு அடி இடைவெளி (பட்டம்) விடறது, தண்ணிய வடிக்கறது, தழைச்சத்த பிரிச்சு போடறது, இதுக்கெல்லாம் காலாவதி இல்ல. ரகம் சொல்ற இடமும் ஒரு தடவ பாத்துக்கங்க. ஆடுதுறை 43, சிஆர் 1009 இன்னைக்கும் ஓடுது, ஆனா வெள்ளத்துல முழுகியும் தாங்கற சிஆர் 1009 சப்-1 பழைய சிடியில இருக்காது. வடிகால் சரியில்லாத ஊருக்கு அது பெரிய வித்தியாசம்.

வெண்ணாறு

செய்றேன்க்கா. இன்னொரு சிக்கல், அப்பாவோட பவர்பாயின்ட் திறக்குது ஆனா தமிழ் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வருது.

கொள்ளிடம்

யூனிகோடுக்கு முந்தின ஃபான்ட். டாம், டாப், பாமினி, வானவில் இதுல எதாவது இருக்கும். 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுலதான் டாமும் டாபும் முடிவாச்சு, அரசுப் பள்ளி ஆளுங்க அதுக்கப்புறம் பல வருஷம் அதுலதான் டைப் பண்ணாங்க. தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது 2010-லதான். பவர்பாயின்ட்ல ஃபான்ட் பேர் என்ன காட்டுதுன்னு பாத்து, அதே சிடியில டிடிஎஃப் ஃபைலா இருக்கான்னு தேடுங்க, அப்பா கண்டிப்பா கூடவே போட்டு வச்சிருப்பாங்க, வேற கம்ப்யூட்டர்ல காட்டணுமே. அத இன்ஸ்டால் பண்ணா எழுத்து வந்துரும். ஃபிளாஷ்ல பெரும்பாலும் எழுத்து படமாவே உள்ள போயிருக்கும், அங்க இந்த தொல்ல குறைச்சல்.

பவர்பாயின்ட்லயே 2010-லேர்ந்து வீடியோவா சேமிக்கற வசதி இருக்கு. ஆனா அப்பாவோட பாடத்துக்கு அது வேணாம். நேரம் குறிக்கலன்னா ஸ்லைடுக்கு அஞ்சு நொடின்னு அதுவா ஓட்டிட்டு போயிரும், படத்த தொட்டா விளக்கம் வர்றதும் மேக்ரோவும் வீடியோவுல வராது. ஸ்லைடு ஷோவ ஓட விட்டு ஓபிஎஸ்ல எடுங்க. குரல் வரலன்னா வேவ் ஃபைல் வெளிய இருக்கும், பழைய பவர்பாயின்ட் 100 கேபிக்கு மேல உள்ள சவுண்ட உள்ள வச்சுக்காம இணைப்பா மட்டும் வைக்கும், பிபிடி இருக்கற அதே ஃபோல்டர்ல அத போடுங்க.

வெட்டாறு

ஒரு யோசனை. அப்பா நல்லா இருக்காங்கன்னா அவங்கள கூட உக்கார வச்சு ரெக்கார்ட் பண்ணுங்க. எதுக்கப்புறம் எத கிளிக் பண்ணணும்னு அவங்களுக்குத்தான் தெரியும், அந்த வரிசையிலதான் பாடம் நடத்தியிருப்பாங்க. கிளிக் பண்ணிட்டே பேசச் சொல்லுங்க, ஓபிஎஸ்ல மைக்க தனி டிராக்கா வச்சுக்கலாம், வேணும்னா சேத்துக்கலாம்.

வெண்ணாறு

அப்பாகிட்ட சொன்னேன், உடனே கண்ணாடிய எடுத்து போட்டுட்டாங்க. ஒளிச்சேர்க்கை பாடத்துல மொதல்ல வேர தொடணும், இலைக்கு கடைசியிலதான் வரணும்னு சொல்றாங்க, நான் இவ்ளோ நாளா நேரா இலையத்தான் தொட்டுட்டு இருந்தேன்.

எக்ஸ்பில நெல் சிடி ஓடுது!! படம் வருது, கேள்வி வருது, ஆனா குரல் வரல. மூவ் ஃபைல தனியா எஃப்எஃப்எம்பெக்ல மாத்தினா அதுல சத்தம் இருக்கு.

கொள்ளிடம்

விர்ச்சுவல்பாக்ஸ ஆஃப் பண்ணிட்டு அந்த மெஷினோட ஆடியோ செட்டிங்ல போங்க. இன்டெல் எச்டின்னு இருந்தா ஐசிஎச் ஏசி97-க்கு மாத்துங்க, எக்ஸ்பிக்கு தெரிஞ்சது அதுதான். மாத்திட்டு திறந்தா டிரைவர் தானா ஏறிரும். அப்புறம் ரெக்கார்ட் பண்ணும்போது விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னல பெரிசாக்கி இழுக்காதீங்க, 640க்கு 480 அப்படியே எடுத்துட்டு அரசலாறு அண்ணன் சொன்ன மாதிரி பின்னாடி ரெண்டு மடங்காக்குங்க.

வெண்ணாறு

வந்துருச்சு அண்ணே, குரல் வந்துருச்சு. அக்கா, இலைக்கருகல் கிளிப்பத்தான் முதல்ல எடுக்கப் போறேன், சம்பா நடவு முடிஞ்ச வயலுக்கு இப்ப அதுதான் வேணும். குழுவுல போடறதுக்கு முன்னாடி உங்களுக்கு இங்கயே போடறேன், மருந்து பேரு எங்கயும் ஒட்டிட்டு வரலன்னு ஒரு தடவ கேட்டு பாத்துட்டு சொல்லுங்க.

பாமணி

போடு தம்பி, இன்னைக்கே கேட்டு சொல்றேன்.